ஒரு ‘வி’ எழுத்தால் வந்த வினை

கால்நடை வைத்தியர் பதிவைப் புதுப்பிக்கிற வேலை ஒருவழியாக முடிந்தது. படிவம், படம், பட்டச் சான்றிதழின் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் ஒரே மத்தியானத்தில் சரிவந்தன. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாளில் உறை அப்படியே திரும்பி வந்தது. உள்ளே ஒரு கடிதம், முழுக்கச் சிங்களத்தில். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. யாழ்ப்பாண விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு அதை யாராவது ஞாபகப்படுத்தினால் புண்ணியம். பேராதனையில் படித்த காலத்தில் பிடித்த சிங்களம் சந்தையில் பேரம் பேசக் காணும், கந்தோர்க் கடிதம் வாசிக்கக் காணாது. படம் எடுத்து, குருநாகலில் இருக்கிற பழைய வகுப்புத் தோழிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவள் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுவிட்டு விசயத்தைச் சொன்னாள்: பதிவேட்டில் இருக்கிற அடையாள அட்டை எண்ணும் நான் அனுப்பிய பிரதியில் இருக்கிற எண்ணும் வேறாம். இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டுமாம்.

பதிவு செய்த காலத்தில் என்னிடம் இருந்தது 9 இலக்கமும் ‘வி’ (V) என்ற ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை. இப்போது 12 இலக்கப் புது அட்டை. நாட்டில் பலருக்கு இதுதான் நிலைமை.

ஊர்ச் சமாதான நீதவான் ஐயா இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, “பிள்ளை, ரெண்டும் ஒண்டுதானே, இதுக்கு என்ன சத்தியம்?” என்றார். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தந்தார். ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டாலும் மறுபடி அலைய வேண்டும், அவர் முன்னாலேயே புரட்டிப் பாருங்கள்.

இதற்கிடையில் கோப்பாய்ப் பக்கம் ஒருவருடைய கறவை மாடு செத்துப் போயிற்று. காப்புறுதிக்கு வைத்தியர் சான்றிதழ் வேண்டும். பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடக்கும்போது பதிவிலக்கம் உள்ள முத்திரையைக் குத்த எனக்கு மனம் வரவில்லை, இன்னொரு வைத்தியரிடம் அனுப்பினேன். “எங்கட மாடு கன்று போட்ட காலத்திலயிருந்து அதைப் பார்த்தது நீங்கள்தானே டொக்டர்” என்று மனிசன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அந்தக் கோபம்தான் பதிவுக் கந்தோருக்குப் போக என்னைக் கண்டி பஸ்ஸில் ஏற்றியது. ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல், முழு இரவு.

கருமபீடத்தில் இருந்த எழுதுவினைஞர் சத்தியக் கடதாசியைத் திறக்கவேயில்லை. எண்கள் பொருந்தவில்லை என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஒரு வெற்றுத்தாளை வாங்கி இரண்டையும் மேலும் கீழுமாக எழுதினேன். பிறந்த ஆண்டின் 85க்கு முன்னால் 19 போடுங்கள். அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தேன் என்பது, பெண் என்றபடியால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு பூச்சியம். கடைசி ‘வி’யை வெட்டிவிடுங்கள். மிச்சம் அச்சொட்டாக அதேதான்.

அவர் நம்பாமல் தன்னுடைய எண்ணை அதே தாளில் எழுதி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் பணப்பையிலிருந்து புது அட்டையை எடுத்து ஒப்பிட்டார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். என் கோப்பில் கையொப்பம் விழுந்தது அதற்குப் பிறகுதான். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று வேறு கேட்டார்!

ஆகவே விண்ணப்பிக்கிறவர்கள் முதல் உறையிலேயே இரண்டு எண்களையும் எழுதி ஒரு சின்னக் கடிதம் வையுங்கள். பழைய அட்டையின் பிரதி இருந்தால் அதையும் சேருங்கள். புது அட்டைக்குக் கொடுக்க முன்னர் பழையதை இருபக்கமும் பிரதி எடுத்து வைப்பது நல்லது. பதிவுத் தபால் துண்டை வேலை முடியும்வரை எறிய வேண்டாம்.

என் வங்கிக் கணக்கில் இன்னமும் ‘வி’ எண்தான் இருக்கிறது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.