அப்பாவின் கசெட் கவர்கள்

மார்ச் 2, 2025

கல்லடி வீட்டில் அப்பாவின் கசெட் செற்றில் பெல்ட் அறுந்து ஒரு வருடமாகிறது. போனில் பாட்டுக் கேட்கப் பழக்கலாம் என்று நானும் தங்கச்சியும் மாறி மாறி முயன்று பார்த்தாயிற்று. லொக் எடுக்க வேண்டும், ஆப்பைத் தேட வேண்டும், விளம்பரம் முடியும்வரை பார்த்திருக்க வேண்டும், நடுவில் யாராவது கோல் எடுத்தால் பாட்டு நின்றுவிடும். 74 வயது மனுசன், பார்வையும் மங்கல். "இது எனக்குச் சரிவராது மனே, கசெட்டப் போட்டாப் பாடணும்" என்றார். அவர் சொன்னதை வைத்தே ஒன்று செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மார்ச் 5

மேசை லாச்சியில் ராஸ்பெரி பை 3 என்ற பழைய கையளவுக் கணினி ஒன்று கிடந்தது. முதலில் அதில் வோல்யூமியோ போட்டேன், பாட்டுக் கேட்க நல்ல மென்பொருள்தான், ஆனால் பாட்டைத் தெரிவுசெய்ய மறுபடியும் போனைத்தான் எடுக்க வேண்டும். அதனால் போனிபாக்ஸுக்கு மாறினேன். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்துகொடுக்கிற சாமான் அது: ஆர்.எப்.ஐ.டி. கார்டை (உள்ளே எண் பதிந்த சிப் இருக்கும், கிட்டக் கொண்டுபோனாலே வாசிக்கும்) ரீடரில் வைத்தால் அந்தக் கார்டுக்குரிய ஃபோல்டர் பாடும். என் யூ.எஸ்.பி. ரீடர் கீபோர்ட் மாதிரித்தான் வேலை செய்கிறது. கார்டு பட்டதும் பத்து இலக்கத்தைத் தட்டி என்டரும் அடித்துவிடும்.

ராஸ்பெரி பையின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்தால் ஒரே இரைச்சல். மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை மாட்டியதும் போய்விட்டது. சத்தம் கூட்டிக் குறைக்க ஆம்பின் பழைய குமிழே போதும்.

மார்ச் 9

இன்றைக்கு முழுக்கப் பாட்டுகளோடு மல்லுக்கட்டினேன். சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.எஸ்., நாகூர் ஹனிபா என்று யார் யாருடைய பென் டிரைவிலிருந்தோ வந்து சேர்ந்தவை. பாதிப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாட்டு விவரங்களைத் தேடிப் போடுகிற பிகார்ட் மென்பொருளில் போட்டுத் திருத்தப் பார்த்தேன், பக்திப் பாட்டுகளில் முக்கால்வாசியை அதற்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். அப்பா திரையே பார்க்கப்போவதில்லை, பிறகு யாருக்கு அந்தப் பெயர்? கசெட்டில் இருந்த வரிசைப்படி 01, 02 என்று எண் மட்டும் போட்டேன். முன்னால் பூச்சியம் இல்லாவிட்டால் 1-க்குப் பிறகு 10 பாடும், அதையும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 11

பின்னேரம் கரண்ட் போய் வந்ததோடு பெட்டி எழும்பவே இல்லை. மென்பொருள் இருக்கிற எஸ்.டி. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் இப்படி ஆகும். அப்பா வேறு எதையும் சுவரில்தான் நிற்பாட்டுவார், முறையாக ஷட்டவுன் செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்ல முடியுமா! எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, கார்டுகளைப் பதிந்து முடித்தபிறகு, ராஸ்பி கொன்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். இனி எஸ்.டி. கார்டில் எதுவும் எழுதப்படாது. பாட்டுகள் தனியாக ஒரு பென் டிரைவில். ஆறேழு தரம் பிளக்கை இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தரமும் எழும்பியது.

மார்ச் 15

வெறும் கார்டுகளை அப்பாவால் பிரித்தறிய முடியவில்லை, எல்லாம் வெள்ளை. அம்மாதான் பழைய கசெட் கவர்களை எடுத்துத் தந்தார். கசெட்டை வெளியே எடுத்துவிட்டு, அப்பா நீலப் பேனையால் பாட்டுப் பெயர் எழுதிவைத்த மட்டைக்குப் பின்னால் கார்டைச் செருகினால் அச்சாவாக அடங்குகிறது, பிளாஸ்டிக்கைத் தாண்டி ரீடருக்கும் தெரிகிறது. வாசிக்காமலே எது என்று சொல்கிறார்: மூலை உடைந்தது முருகன், மெழுகு ஒட்டியது ஹனிபா.

மார்ச் 16

காலையில் தானே சுவிட்சைப் போட்டு, கவரை வைத்து, குமிழைத் திருப்பினார். பாடி முடிந்ததும் கவரைத் திருப்பி வைத்தார். அதே முதல் பாட்டு. "மற்றப் பக்கம் எங்க மனே?"

ஒரே கவருக்குள் இரண்டு கார்டு வைத்துப் பார்த்தேன், ரீடர் குழம்பி ஒன்றையுமே எடுக்கவில்லை. இப்போதைக்கு மற்றப் பக்கத்தை வேறொரு கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரு றப்பர் பான்டால் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்.