பதினொன்றாம் கேள்வி

ஜூலை 3, 2024
மூன்று மணிக்கே முழிப்பு. இன்றும்.

ஜூலை 5
மனநல உதவி எண் 14416க்கு போன் போட்டேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று. தமிழிலேயே பேச முடிந்தது. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார் அந்தப் பெண். ஆறு மாசம் என்று வாயால் சொன்னதும் எனக்கே திக்கென்றது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றார். அங்கே ஓ.பி. வரிசையில் நின்றால் எங்கள் தெருவில் பாதிப் பேரைப் பார்க்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 8
போய்விட்டேன்.

சீட்டு போடும் இடத்தில் "மனநலம்" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் சத்தமாகத் திருப்பிக் கேட்கவில்லை, நிமிரவும் இல்லை. எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு கும்பிடு.

பெஞ்சில் பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு கண்டக்டர். மடியில் தோல் பை. உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் மாத்திரையோடு வந்தார். "டூட்டிக்கு நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். ரேஷன் கடைக்கு வந்துபோன மாதிரி.

மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எனக்கு 17. ஒன்பதாவது, சாக வேண்டும் என்ற நினைப்பு பற்றியது. அதில் நின்றுவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். சொன்னேன்.

ஏழு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டியவன் நான். "அந்தப் பிழை என் மெஷின்ல வரலையே" என்று டெவலப்பர் சொன்னால் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு என் கதையும் அதேதான். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றுமே இல்லாதவன்போல ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன்.

தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 10. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகுமாம். நடுவில் நானாக நிறுத்தக் கூடாதாம்.

ஜூலை 9
குமட்டல், ஓயாத கொட்டாவி. அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரலை பாரு, அம்புட்டும் கண்ணு." அவளுக்குத் திருப்தி. ஆக, ஒரே வாரத்தில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜூலை 14
அந்தச் சிரிப்பு எமோஜி.

2022ஆ 2021ஆ, சரியாக நினைவில்லை. டீமில் ஒருத்தன் மூன்று வாரம் லீவு போட்டான். லீட் குரூப்பில் எழுதினார்: "கீழ்ப்பாக்கம் கேஸ் ஆயிட்டாப்ல." பதினோரு பேர் சிரித்தோம். ஆமாம், நானும். மஞ்சள் மூஞ்சி, இரண்டு கண்ணிலும் தண்ணீர் தெறிக்கிற எமோஜி. கீழ்ப்பாக்கத்து மனநல ஆஸ்பத்திரி 1794லிருந்து இருக்கிறது. 230 வருஷம் வைத்தியம் பார்த்தும், நம் வாயில் அது ஊர்ப்பெயராக இல்லை, வசவாக இருக்கிறது. திரும்பி வந்தபோது அவன் அந்தக் குரூப்பைப் படித்திருப்பான். படிக்காமல் இருப்பானா? எல்லோருக்கும் காபி வாங்கி வந்தான். எனக்குச் சர்க்கரை இல்லாமல், மறக்காமல்.

அவன் நம்பர் இன்னும் இருக்கிறது.

ஜூலை 17
ஆடி 1. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது! முதலில் ஸ்பாமில் கிடந்தது. ஜாய்னிங் ஆகஸ்ட் 19. "அதுக்குள்ள ஆவணி பொறந்துரும்" என்று அம்மா முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். நானும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 18
கூடவே ஒரு ஃபார்மும் வந்திருக்கிறது. எட்டாவது கேள்வி சர்க்கரை. ஒன்பதாவது பிபி. பதினொன்றாவது, கடந்த ஐந்து ஆண்டுகளில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா? ஆம், இல்லை. இரண்டு கட்டம். விளக்கம் எழுத இடமில்லை. அடியில் பொடி எழுத்தில், தவறான தகவல் தந்தால் வேலை போய்விடும் என்று.

இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் "இல்லை" என்று போட்டுவிட்டு நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்திருப்பேன். வைத்தியத்துக்குப் போனதால்தான் நோயாளி. போகாதவனுக்கு ஃபார்மில் ஒரு வில்லங்கமும் இல்லை.

ஜூலை 22
டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சட்டமே இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவு. சரி, அவர் வாயைக் கட்டியாயிற்று. என் வாய்?

"பொய் எழுதுங்கன்னு நான் சொல்ல முடியாது தம்பி. வேலை பார்க்கத் தகுதியா இருக்கீங்கன்னு சர்டிபிகேட் வேணா தர்றேன்." அந்தத் தாளின் தலையில் துறைப் பெயர் இருக்குமே டாக்டர்.

அந்தக் கண்டக்டர் என்ன எழுதியிருப்பார்?

ஜூலை 26
ஐந்து மணி வரை தூங்கினேன்.

ஜூலை 29
குளிக்கவில்லை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. எலுமிச்சம் சாதத்தில் வேர்க்கடலை கடிபட்டது, உப்பு, புளிப்பு, எல்லாம் தெரிந்தது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தால் மாத்திரை அட்டையைக் காணோம். வியர்த்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினால், அலமாரியில், அப்பாவின் பிபி மாத்திரை டப்பாவுக்குள், அவர் அட்டையை ஒட்டி என் அட்டை. அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "தண்ணி ஜக்குல இருக்குடா" என்றார்.

ஆகஸ்ட் 6
2001ல் இதே நாள்தான் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள், 28 பேர் செத்தார்கள். எனக்கு ஆறு வயசு. பேப்பரில் வந்த படத்தை அப்பா மடித்து மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். இந்த நோய் என்றால் எனக்கு முதலில் தெரிந்தது அந்தச் சங்கிலிதான்.

காபிக்காரனுக்கு மெசேஜ் போட்டேன். மன்னிப்பெல்லாம் எழுதி எழுதி அழித்து, கடைசியில் போனது ஒரே வரி: "ஜாய்னிங் ஃபார்ம்ல நீ என்னடா போட்டே?"

ஆகஸ்ட் 7
"நீயுமா" என்று பதில் வந்திருக்கிறது. அப்புறம் டைப்பிங் என்று காட்டியது. நின்றுவிட்டது.

நாளை காலை எட்டு மணிக்கு மெடிக்கல். வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம், ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே. ஃபார்மை அங்கேயே நிரப்பிக் கொடுத்தால் போதுமாம். ராத்திரி மாத்திரை போட்டால் ரத்தத்தில் தெரியுமா? மணி 9:40. அப்பா ஜக்கை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.