1989 புல்லட்டின் ஆயில் கசிவைத் தேடிய ஏழு வாரங்கள்

அப்பா 1989-இல் வாங்கிய புல்லட் 350 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயின்ட் வைத்த இக்னிஷன் என எல்லாமே பழைய அமைப்பு. நின்ற இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை விடுவதும் அந்த அமைப்பில் சேர்ந்தது என்றே பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். "ஆயில் ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம் சார்" என்று மெக்கானிக் சொல்லும்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வண்டிக்கு அடியில் போட்ட சாக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். சென்ற மார்கழியில் ஒரு நாள் அம்மா போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தப்போய், அந்தக் கறை தை பிறந்த பிறகும் போகாமல் இருந்ததால், கசிவு எங்கிருந்துதான் வருகிறது என்று நானே தேடிப் பார்ப்பது என முடிவு செய்தேன்.

இந்த வண்டியில் கசிவது எந்த ஆயில் என்பதே முதல் கேள்வி. இன்ஜின், கிளட்சும் இன்ஜின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோகும் பிரைமரி செயினும் இருக்கும் பெட்டி (பிரைமரி), கியர்பாக்ஸ் ஆகிய மூன்றும் தனித்தனி அறைகள். மூன்றுக்கும் தனித்தனி ஆயில். இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற இன்ஜின் ஆயில் இரண்டேகால் லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், பிரைமரியில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, கியர்பாக்ஸில் இ.பி. 90 என்ற கியர் ஆயில் ஊற்றியிருந்தேன். தரையில் விழுந்து மண்ணோடு சேர்ந்துவிட்டால் மூன்றும் ஒரே கறுப்பு. எனவே பிரைமரியில் இருந்ததை வடித்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு ஊற்றும் சிவப்பு நிற ஆயிலை ஊற்றினேன். கிளட்ச் அதில் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. இ.பி. 90-க்குக் கந்தக வாடை உண்டு என்பதால் அதற்கு மூக்கே போதும். பிறகு ஒரு பெரிய அட்டையை விரித்து, ஸ்டாண்டும் சக்கரங்களும் நிற்க வேண்டிய இடத்தைப் பேனாவால் வரைந்து, ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். நான்கு இரவுகளுக்குப் பிறகு அட்டையில் சிவப்பு ஒரு சொட்டும் இல்லை. பின்பக்கம் கந்தக வாடையோடு ஒரு சிறு வட்டம் இருந்தது. மற்றதெல்லாம் நடுவில், கறுப்பாக, இன்ஜின் ஆயிலாக இருந்தது.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. ஆண்டுக்கணக்கில் படிந்த பிசுக்கு இருக்கும்வரை எந்தக் கசிவையும் கண்ணால் பிடிக்க முடியாது. கார்புரேட்டரையும் பாயின்ட் பெட்டியையும் பாலிதீன் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தேன். பனியன் வேஸ்ட் இரண்டு கிலோ தீர்ந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரை இன்ஜின் முழுவதும் ஊதிவிட்டேன். ஆயில் பட்ட இடத்தில் பவுடர் உடனே கருத்துவிடும் என்பதால் கசிவு தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். ஓட்டிக்கொண்டு போகும்போது காற்று ஆயிலைப் பின்னாலும் கீழாலும் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே சொட்டுகிற இடத்தைப் பார்க்காமல், நனைந்த இடங்களில் மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருப்பதையே தேட வேண்டும்.

ஸ்டாண்டில் நிறுத்திப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டபோது பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டித் திரும்பியபோது வால்வுகளைத் தள்ளும் கம்பிகளின் அடியை மூடும் டேப்பட் கவரின் அடி விளிம்பு, பக்கவாட்டுப் பற்சக்கரங்களை மூடும் டைமிங் கவரின் கீழ் ஸ்க்ரூ, பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடம், இன்ஜின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவர் என நான்கு இடங்கள் கருத்திருந்தன. நிற்கும்போது ஒன்றும் இல்லாமல் ஓடும்போது மட்டும் நான்கு இடங்கள் ஒரே நேரத்தில் ஏன் நனைய வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான்கு பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்) போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தவறுக்கு மூன்று வாரம் விலையாகப் போனது.

அந்த மூன்று வாரங்களும் முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. டைமிங் கவரைக் கழற்றியபோது, முன்பு யாரோ ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் செருகி நெம்பிய பள்ளங்கள் மூன்று இடத்தில் இருந்தன. அவற்றை மறைக்கச் சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். வெளியே பிதுங்கிய பசை கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது எங்கே போகிறது என்பதை ஃபில்டரைக் கழற்றியபோது பார்த்தேன். ஃபெல்ட் துணியின் மடிப்புகளில் சேமியாத் துண்டுகளைப் போல, சாம்பல் நிறத்தில், நகத்தால் நசுக்கினால் துள்ளுகிற பசைத் துணுக்குகள் பதினொன்று கிடைத்தன. அவற்றில் ஒன்று ஆயில் போகும் துளையில் சிக்கியிருந்தால் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் அத்தோடு போயிருக்கும். அதன் பிறகு இந்த வண்டியில் சிலிக்கான் பசையை நான் தொடுவதில்லை.

டேப்பட் கவரை ஒரே ஒரு நட்டுதான் நடுவில் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறது என்று ஒவ்வொரு முறையும் அந்த நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியதால் கவர் நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிப் பலகையின் மேல் 320 எண் எமரித் தாளை ஒட்டி, கவரை எட்டுப் போடுவது போலத் தேய்த்தேன். முதலில் நடுப்பகுதி தொடாமல் இருந்தது, அரை மணி நேரத்தில் முகம் முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்தது. கேஸ்கெட் தாளைக் கவரின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் விளிம்பை ஒட்டி மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் தாள் தானே அந்த வடிவத்துக்கு வெட்டுப்படும். கடையில் வாங்குவதைவிட இப்படிச் செய்த பேக்கிங் எனக்கு நன்றாகவே உட்கார்ந்தது. கவர் திறந்திருந்ததால் டேப்பட்டையும் சரிபார்த்துவிட்டேன்: இன்ஜின் ஆறியிருக்கும்போது மேலும் கீழும் ஆட்டம் இல்லாமல், ஆனால் வால்வைத் தள்ளும் அந்தக் கம்பியான புஷ் ராடை விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். டைமிங் கவரை மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவைக் கூடுதலாக இறுக்கி அலுமினிய மரையைப் போக்கிவிட்டேன். லேத் பட்டறையில் கொடுத்துக் கம்பிச் சுருள் மரை போட்டு வாங்கி வந்தேன். அது என் கைங்கரியம்.

மீண்டும் பவுடர், மீண்டும் பன்னிரண்டு கிலோமீட்டர். டேப்பட் கவர் காய்ந்திருந்தது. ராக்கர் கவர் முன்பைவிட மோசமாக நனைந்திருந்தது. அதுவரை ஒரு துளி ஈரம் காட்டாத சிலிண்டர் அடி பேக்கிங்கில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. ஓர் ஓட்டையை அடைத்ததும் ஆயில் வேறோர் ஓட்டையைத் தேடிப் போயிருந்தது.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் கீழே இறங்கும்போது, மேலே எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதே 346 சி.சி. காற்றைக் கீழே கிரான்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டியில், அமுக்குகிறது. இரண்டு சிலிண்டர் இன்ஜின் சிலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றொன்று ஏறி அதைச் சமன் செய்துவிடும்; இதில் அந்த வசதி இல்லை. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 2000 அமுக்கல். அந்தக் காற்று வெளியேறுவதற்கென்றே கிரான்க்கேஸில் ஒரு பிரீதர் குழாய் வைத்து, அதன் நுனியில் வாத்தின் அலகைப் போன்ற ஒரு ரப்பர் வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். பிஸ்டன் இறங்கும்போது அலகு திறந்து காற்றை விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். இப்படி உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும்வரை எந்த விளிம்பிலிருந்தும் ஆயில் வெளியே வர விரும்பாது.

என் வண்டியின் அலகைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். உதடுகள் இரண்டும் கறுப்புப் பிசினால் ஒட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பு அடிபோல இறுகியிருந்தன. ஐடிலில் வெளியேற வேண்டிய கொஞ்சக் காற்று எங்கோ கசிந்து சமாளித்திருக்கிறது. சாலையில் வேகம் பிடித்ததும் பேக்கிங்குகள்தான் பிரீதராக வேலை செய்திருக்கின்றன. உறுதி செய்துகொள்வதற்காக, வேறு எதையும் தொடாமல், ஓர் ஒளிபுகும் டியூபை மட்டும் குழாயில் மாட்டி அதை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு அதே சாலையில் ஓட்டினேன். சிலிண்டர் அடியில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

புதிய அலகு வாங்கச் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மூன்றையும் அங்கேயே துடைத்து வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்த்தேன். "என்ன சார், பலூன் வாங்க வந்தீங்களா?" என்றார். இரண்டில் உதடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை, உறிஞ்சினால் காற்று தாராளமாகத் திரும்பி வந்தது. மூன்றாவது மட்டும் சரியாக மூடியது. அதன் விலை இருவர் டிபன் சாப்பிடும் செலவைவிடக் குறைவு. ராக்கர் கவருக்கு மட்டும் புது பேக்கிங் போட்டேன்; சிலிண்டர் அடியைத் தொடவில்லை, தொடத் தேவையும் ஏற்படவில்லை.

ஒரு சங்கதி இன்னும் பாக்கி. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து ஸ்டார்ட் செய்தபோது, பிரீதர் டியூப் வழியாக அரை டம்ளர் ஆயில் வெளியே கொட்டியது. இது கசிவு இல்லை. ஆயில் டேங்க் கிரான்க்கேஸின் பின்புறத்திலேயே வார்க்கப்பட்டிருப்பதால், தேய்ந்த ஃபீடு பம்ப் வழியாக ஆயில் சிறுகச் சிறுக ஃப்ளைவீல் அறைக்குள் இறங்கிவிடுகிறது. நீண்ட நாள் நிறுத்தியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிரான்க்கேஸின் அடி போல்ட்டைத் திறந்து, வடிவதை ஒரு சுத்தமான டப்பாவில் பிடித்து, வடிகட்டி டேங்கிலேயே ஊற்றிவிடுகிறேன். பம்ப் டிஸ்க்கை மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்கும் வேலையை மழைக்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

தேதி எழுதிய அட்டைகள் ஷெட் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. கடைசி அட்டையில், ஒரு வாரத்துக்கு, கந்தக வாடையுள்ள இரண்டு சொட்டுகள் மட்டுமே இருக்கின்றன. அது கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல். சீலை வாங்கி வைத்துவிட்டேன். அதை மாற்றப் பிரைமரி முழுவதையும் கிளட்சோடு கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும்வரை அந்த இரண்டு சொட்டுக்கும் அட்டை போட்டுக்கொள்ள அம்மா சம்மதித்திருக்கிறார்.