கேஸ் கட்டிங் செய்முறைத் தேர்வு: ரெகுலேட்டரைப் படித்த கதை

ஆக்ஸிஜனும் அசிட்டிலீன் எரிவாயுவும் கொண்டு இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் தேர்வுக்கு முதல் முறை போனபோது 12 மி.மீ. தட்டில் பாதி தூரம் வந்ததும் வெட்டு நின்றுவிட்டது. மேலே கோடு அழகாக விழுந்திருந்தது. அடியில் கசடு திரண்டு ஒட்டிக்கொண்டு, தட்டு பிரியவே இல்லை. கை வேகம் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். தேர்வாளர் என் கையையும் பார்க்கவில்லை, டார்ச்சையும் பார்க்கவில்லை. நேராக ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் போய் நின்று, "கட்டிங் லீவரை அழுத்துங்க" என்றார். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் நான் 3 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) வைத்திருந்த முள், டார்ச்சில் வெட்டும் ஆக்ஸிஜனைத் திறக்கும் அந்த லீவரை அழுத்தியதும் 2-க்குப் பக்கத்தில் இறங்கியது. விட்டதும் பழையபடி 3-க்கு ஏறி நின்றது. "நீங்க வச்ச அழுத்தம் இதுல எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டார்ச் வால்வு மூடியிருக்கும்போது முள் காட்டுவது நிற்கும் வாயுவின் அழுத்தம். வெட்டுவதோ ஓடும் வாயு. அதனால் ஆக்ஸிஜனை எப்போதும் கட்டிங் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே, நாசிலுக்கான (டார்ச்சின் முனை) அட்டவணை சொல்லும் அளவுக்குத் திருக வேண்டும். அடுத்த தேர்வுக்கு நான் தயாரான விதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்பியது.

படிகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ரெகுலேட்டரின் உள்படத்தை வரையப் பழகினேன். திருகைச் சுற்றினால் ஸ்பிரிங் அழுந்தும். ஸ்பிரிங் டயாஃப்ரம் என்ற வளையும் சவ்வைத் தள்ளும். டயாஃப்ரம் உள்ளே இருக்கும் சின்ன வால்வைத் திறக்கும். வெளிப்பக்கம் அழுத்தம் ஏறியதும் அதே டயாஃப்ரத்தை எதிர்ப்பக்கம் தள்ளி வால்வை மூடப் பார்க்கும். இந்த இழுபறிதான் முழு இயந்திரமும். படம் கைக்கு வந்தபிறகு வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகள் பாதி தானாகவே விடை சொல்லிவிடும். ஸ்பிரிங் மூடியின் சிறு துளையில் வாயு கசிகிறதா? டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. வால்வுகளை எல்லாம் மூடி, அழுத்தத்தை இறக்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லையா? கேஜ் (முள் உள்ள அழுத்தமானி) கெட்டிருக்கிறது.

ரெகுலேட்டரில் இரண்டு முள் உண்டு: ஒன்று சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும், மற்றது டார்ச்சுக்குப் போகும் வேலை அழுத்தத்தைக் காட்டும். முள் இறங்கும்போது எந்த முள் இறங்குகிறது என்று பாருங்கள். எனக்கு மிகவும் உதவியது இதுதான். லீவரை அழுத்தும்போது சிலிண்டர் பக்கத்து முள்ளும் சேர்ந்து விழுந்தால் சிலிண்டர் வால்வை முழுதாகத் திறக்கவில்லை, அல்லது நுழைவாயில் வடிகட்டி அடைத்திருக்கிறது. வேலை அழுத்த முள் மட்டும் கொஞ்சம் இறங்கினால் ஓட்டத்தில் வைத்துச் சரிசெய்தால் போதும். இரண்டு முள்ளும் அசையாமல் நிற்க, நாசிலில் மட்டும் வேகம் இல்லையென்றால் கோளாறு ரெகுலேட்டருக்கு அப்பால் இருக்கிறது: ஹோஸ் மடிந்திருக்கும், அல்லது தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரில் கரி படிந்திருக்கும். பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, தீ மூட்டாமல், ஆக்ஸிஜன் பக்கத்தில் மட்டும் இந்தக் கோளாறுகளை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லி, முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று நடத்தினோம். பத்து நாள் படித்ததைவிட அந்த ஒரு மதியம் அதிகம் கற்றுக்கொடுத்தது.

பொருத்தும் வேலையில் மதிப்பெண் போகும் இடங்கள் சிலவே. ரெகுலேட்டரை மாட்டுமுன் வால்வை ஒரு நொடி திறந்து தூசியை ஊதிவிட வேண்டும். அசிட்டிலீன் என்றால் பக்கத்தில் நெருப்பு கூடாது. எரிவாயு பக்கம் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால் இறுகும்), நட்டின் மூலைகளில் வெட்டு இருக்கும். ஹோஸ் நிறம் எல்லா ஊரிலும் ஒன்று போல இருக்காது, ஆகவே மரையை நம்புங்கள். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திவிட்டு, கேஜுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று, ஆக்ஸிஜன் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். சட்டென்று திறந்தால் வாயு அழுந்திச் சூடாகி, அங்கே இருக்கும் துளி எண்ணெய்கூடத் தீப்பிடிக்கும். அப்புறம் ஆக்ஸிஜன் வால்வை முழுதாகத் திறக்க வேண்டும். அசிட்டிலீன் வால்வை முக்கால் சுற்று திறந்தால் போதும். சாவி அதிலேயே இருக்கட்டும். அசிட்டிலீனின் வேலை அழுத்தம் 1 பாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆக்ஸிஜன் இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. கசிவுக்குச் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். ஒருபோதும் தீக்குச்சி வேண்டாம்.

இரண்டாவது தேர்வில் அசிட்டிலீனை 0.4 பாரில் வைத்து டார்ச் வால்வை மூடினேன். மூடியதும் முள் துளி ஏறி நிற்பது இயல்பு. ஆனால் அன்று நிற்கவில்லை. 0.5, சற்றுப் பொறுத்து 0.6. பயிற்சியில் இருந்த அவசரத்தில் என்றால் கவனித்திருக்க மாட்டேன். உள்வால்வின் சீட்டில் (வால்வு அமர்ந்து மூடும் இடம்) அழுக்கோ கீறலோ இருந்தால் அது முழுதாக மூடாது. சிலிண்டரின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். திருகைத் தளர்த்திச் சமாளிக்கிற கோளாறு இல்லை இது. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, "சார், இந்த ரெகுலேட்டர் வேண்டாம், முள் ஊர்கிறது" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேறொன்று கொண்டுவரச் சொல்லி, போன நேரத்தையும் கூட்டிக் கொடுத்தார். தேர்வில் கோளாறைச் சொல்வதற்குத் தயங்காதீர்கள். கெட்டதைக் கழற்றிப் பிரித்துப் பார்க்கவும் கிளம்பாதீர்கள். அது பழுது பார்க்கத் தெரிந்தவர் வேலை.

வெட்டு சுத்தமாக விழுந்தது. தட்டு கீழே விழுந்த சத்தத்தில் கவனம் சிதறி, பலர் அணைக்கும் வரிசையைக் கோட்டைவிடுகிறார்கள். டார்ச்சை அணைத்து, இரண்டு சிலிண்டர் வால்வையும் மூடி, டார்ச் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஹோஸ்களில் மிஞ்சிய வாயுவை வெளியேற்றி, எல்லா முள்ளும் பூஜ்யத்துக்கு வந்தபின் திருகுகளைத் தளர்த்த வேண்டும். திருகை அப்படியே விட்டால் ஸ்பிரிங் வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். அடுத்து வருபவர் சிலிண்டரைத் திறந்ததும் முழு அழுத்தமும் டயாஃப்ரத்தில் போய் அடிக்கும். தேர்வாளர் கடைசியாக வந்து தொட்டுப் பார்த்தது அந்த இரண்டு திருகுகளைத்தான். இரண்டும் அவர் விரலில் லேசாகச் சுற்றின.