தீபாவளிப் பரிசும் வரிக் கணக்கும்

இது 2025 தீபாவளிக்கு, 2025-26 நிதியாண்டின் விதிகளின்படி போட்ட கணக்கு. நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பதால், ஊழியர்களுக்குத் தரும் பரிசுக்கு வரி உண்டா என்று சிறுதொழில் நடத்துபவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் அஞ்சுவது வருமான வரியின் 5,000 ரூபாய் வரம்பைத்தான்; ஆனால் முதலாளியின் கையைக் கடிப்பது ஜிஎஸ்டி.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் ஆளுக்கு 4,000 ரூபாய் விலையில் மிக்ஸி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை 48,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 8,640 ரூபாய். பில் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், இந்த 8,640 ரூபாயையும் மற்றக் கொள்முதல்களோடு சேர்த்து உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துவிடுகிறார்கள். பரிசாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே 56,640 ரூபாயையும் ஊழியர் நலச் செலவில் எழுதிவிடுங்கள். வருமான வரியில் அது தொழில் செலவாகக் கழியும். ஓர் ஊழியருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை தரும் பரிசுக்கு நீங்கள் தனியாக ஜிஎஸ்டி விதிக்க வேண்டியதில்லை.

ஊழியரைப் பொறுத்தவரை, பொருளாகவோ கூப்பனாகவோ 2025-26 நிதியாண்டு முழுவதும் பெற்ற பரிசுகளின் மொத்த மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரியில்லை. வரியோடு சேர்த்து மிக்ஸியின் மதிப்பு 4,720 ரூபாய் என்பதால், பொங்கலுக்கு 500 ரூபாயில் ஒரு வேட்டி கொடுத்தாலே வரம்பு தாண்டிவிடும். ரொக்கத்துக்கு இந்த விலக்கே இல்லை. கவரில் வைத்துக் கொடுக்கும் முதல் ரூபாயிலிருந்தே அது சம்பளம்தான். ஆனாலும் புதிய வரி முறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், மாதம் இருபதாயிரம் வாங்குபவருக்கு எப்படிக் கொடுத்தாலும் வரி வராது. வரிக்குப் பயந்து ரொக்கத்தைத் தவிர்த்து, அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே மறுபடியும் வாங்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், சம்பளத்தில் 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ் சட்டப்படியான கடமை. பரிசைக் காட்டி அதைக் குறைக்கக் கூடாது. பரிசுப் பொருள் வாங்கிய கடைக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது என்பதால் வங்கி வழியாகவே செலுத்துங்கள். யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பட்டியலில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, பில்லோடு இணைத்து வையுங்கள்.