பொருந்தாத கிராஸ்லிங்குகள்

பிப்ரவரி 4

அணுக்கருத் துளை (செல்லின் அணுக்கருவுக்கு உள்ளும் வெளியும் சரக்கு போய்வரும் வாயில்) பற்றி 2007இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரைகளை மறுபடி எடுத்தேன். ஈஸ்டில் அந்த ஒரு துளைக்கு 456 புரதங்கள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். எது எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, தங்கத் துகள் கட்டிய ஆன்டிபாடி எங்கே போய் உட்காருகிறது, மையவிலக்கில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று உதிரியாகக் கிடைத்ததையெல்லாம் நிபந்தனைகளாக்கி, அத்தனைக்கும் ஒத்துவரும் அமைப்புகளைக் கணினியில் தேடினார்கள் சாலி, ரவுட், சைட் குழுவினர். வந்தது மேகம் மேகமான படம். எனக்கு அது பிடித்திருக்கிறது, தெரியாத இடத்தில் தெரியாது என்கிறது.

பிப்ரவரி 6

2018இல் அதே குழுக்கள் 552 புரதங்களோடு திரும்பி வந்தார்கள், மொத்த எடை 52 மெகாடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). இந்த முறை பெரிய பலம் கிராஸ்லிங்குகள். புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலங்களில் இரண்டை ஒரு வேதிப்பொருளால் பிணைத்து, பிறகு புரதத்தை நறுக்கி, எவை பிணைந்தன என்று மாஸ் ஸ்பெக்கில் (துண்டுகளின் நிறையை அளக்கும் கருவியில்) பார்ப்பது. இரண்டு மாடுகளை ஒரே கயிற்றில் கட்டிய மாதிரிதான், எங்கே நிற்கின்றன என்று தெரியாது, ஆனால் கயிற்றின் நீளத்தைத் தாண்டி விலகியிருக்க முடியாது. டிஎஸ்எஸ் என்ற வேதிப்பொருள்தான் கயிறு என்றால் எல்லை சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் (3 நானோமீட்டர்).

பிப்ரவரி 7

எங்கள் லேபில் நாங்கள் ஆராயும் புரதக் கூட்டத்தில் (காம்ப்ளெக்ஸ்) சில கிராஸ்லிங்குகள் மாடலில் 50, 60 ஆங்ஸ்ட்ராம் என்று நீள்கின்றன. "இரைச்சல்தான், தூக்கிடு" என்கிறார்கள் லேபில். தூக்க மாட்டேன். எல்லாமே புரதத்தின் ஒரே பகுதியில் (டொமைன்) விழுகின்றன, இரைச்சல் அப்படி ஓரிடமாகப் பார்த்து விழாது.

பிப்ரவரி 11

அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்ட் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022இல் மார்ட்டின் பெக் குழு சயின்ஸில் வெளியிட்ட மனிதத் துளையைக் காட்ட வேண்டும். துண்டுகளைக் கணித்தது ஆல்பாஃபோல்ட், ஆனால் அவற்றை எங்கே பொருத்துவது என்று சொன்னது கிரயோ டோமோகிராம் (உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுக்கும் முப்பரிமாணப் படம்). மொத்தம் சுமார் 120 மெகாடால்டனில் துளையின் சட்டகமான 70 மெகாடால்டனுக்கு மாடல் கட்டிவிட்டார்கள். அதைவிட முக்கியம், சுருங்கிய நிலை, விரிந்த நிலை என்று இரண்டு மாடல்கள். செல்லுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் துளை விரிந்திருக்கிறது, சவ்வைத் தனியே பிரித்தெடுத்தால் சுருங்கிவிடுகிறது. வரிசையை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இது எங்கே தெரிந்திருக்கும்?

(நடுவில் சரக்கை வடிகட்டும் எஃப்ஜி இழைகளுக்கு நிலையான வடிவமே இல்லை, படங்களில் அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். வேலை நடப்பதே அங்கேதான்!)

பிப்ரவரி 13

சரி, நம்ம காம்ப்ளெக்ஸுக்கும் அப்படி இரண்டு நிலைகள் இருக்கலாமோ என்று, நிபந்தனைகளுக்கு ஒத்துவரும் அமைப்பைத் தேடும் ஐஎம்பி மென்பொருளில் இரண்டு நிலைகள் வைத்து ஓட்டினேன். நீண்டு கிடந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது நிலையில் எல்லைக்குள் வந்துவிட்டன. நிலைகளைக் கூட்டினால் எதையும் பொருத்திவிடலாம் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு, அதனால் ஸாக்ஸ் தரவை (கரைசலில் இருக்கும் புரதத்தில் எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறது என்ற அளவீட்டை) உள்ளே விடாமல் தனியே வைத்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் லேபில் வாயைத் திறப்பேன்.