கைமாறி வந்த பாயிண்ட் டூ டூவும் நான் பட்ட பாடும்

ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த போல்ட் ஆக்‌ஷன் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) ரைஃபிள் ஒன்றை வாங்கி, அதை ஒழுங்காகச் சுட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உரிமம், பெயர் மாற்றம், பதிவு எல்லாம் சொன்னபடி முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தொல்லை முழுக்க அதற்குப் பிறகுதான். விற்றவர் சொன்னது இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது: "பாயிண்ட் டூ டூதானே சார், எந்தத் தோட்டாவைப் போட்டாலும் சுடும்." சுடும்தான். குண்டு எங்கே போய் விழும் என்பதை யார் சொல்வது?

50 மீட்டரில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டேன். ஐந்து குண்டுகளும் எட்டு சென்டிமீட்டருக்குச் சிதறிக் கிடந்தன. சர்வதேசப் போட்டியில் இதே தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதே 50 மீட்டரில், இதே வகைத் தோட்டாவில்தான். எனக்குப் பதக்க ஆசை கிடையாது. இரண்டு சென்டிமீட்டருக்குள் ஐந்தும் விழுந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

சிதறலைவிடப் பெரிய தலைவலி, அடிக்கடி வெறும் 'டிக்' சத்தம் மட்டும் வந்ததுதான். பாயிண்ட் டூ டூ ஒரு ரிம்ஃபயர் தோட்டா, அதாவது தீப்பற்றும் மருந்து நடுவில் இருக்காது. அடிவிளிம்பின் மடிப்புக்குள் ஈரமாக இருக்கும்போதே சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். விசையை இழுத்ததும் பாயும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். மருந்து சரியாகப் பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் வெடிக்காது. அப்படி ஆனால் உடனே போல்ட்டைத் (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டு) திறக்காதீர்கள். குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே அரை நிமிடம் இருக்கட்டும். தோட்டா தாமதமாக வெடிக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். சத்தம் வழக்கத்தைவிடப் பலவீனமாக வந்தால் விஷயமே வேறு: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். நிறுத்திவிட்டுக் குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

நல்ல தோட்டாவில் 'டிக்' அபூர்வம். எனக்கோ பெட்டி மாற்றியும் நிற்கவில்லை. வெடித்த கூடும் லேசில் வெளியே வரவில்லை, இழுக்க வேண்டியிருந்தது. ரேஞ்சில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து, தோட்டா உட்காரும் சேம்பரின் வாயைப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "தம்பி, இதை யாரோ தோட்டா இல்லாம தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க."

அதுதான் விஷயம். மருந்து நடுவில் இருக்கும் சென்டர்ஃபயரில் காலியாக விசையை இழுத்தால் ஊசி பெரும்பாலும் வெற்றிடத்தில் போய் நிற்கும். ரிம்ஃபயரில் ஊசி விழும் இடம் சேம்பரின் ஓரம். தோட்டா இல்லாவிட்டால் இரும்பின் மேல் இரும்பு அடிக்கும். இப்போது வரும் பல மாடல்களில் ஊசி அங்கே எட்டாதபடி தடுத்திருக்கிறார்கள், பழையவற்றில் அதை நம்ப முடியாது. என்னுடையதில் ஓரம் குழிந்து, நசுங்கிய உலோகம் சேம்பருக்குள் பிதுங்கியிருந்தது. அதனால்தான் கூடு சிக்கியது. ஊசி அடிக்கும் இடத்தில் விளிம்புக்கு அண்டக்கொடுக்க உலோகம் இல்லாததால் அடியும் சரியாக விழவில்லை. "எந்த வேலையும் இல்லை, அப்படியே சுடலாம்" என்று விற்ற மனிதர் இதைப் பார்க்கவே இல்லையா, பார்த்துவிட்டுத்தான் விற்றாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன் செய்தால் எடுப்பதில்லை. துப்பாக்கியோடு வர வேண்டிய கையேட்டையும் "தேடி அனுப்புறேன்" என்றவர் அனுப்பவில்லை. காலியாகத் தட்டலாமா, கட்டையோடு குழலைப் பிடிக்கும் திருகுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில்தான் இருக்கும். பல தயாரிப்பாளர்கள் பழைய மாடல் கையேடுகளையும் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கும் கடைசியில் அங்கேதான் கிடைத்தது.

"அரம் மட்டும் போட்டுறாத தம்பி" என்றார் பெரியவர். உள்ளே பிதுங்கியது போக வேண்டிய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அரம் போட்டால் அந்த உலோகமே போய்விடும், குழி குழியாகவே நிற்கும். சேம்பர் அளவுக்கே செய்த கடின எஃகுக் கருவி ஒன்றை உள்ளே செலுத்தி, நசுங்கியதைப் பழைய இடத்துக்கே தள்ளினார். வேலை சின்னதுதான், ஆனால் கைப்பழக்கம் இல்லாதவர் தொடக்கூடாத வேலை. அடுத்துச் சுட்ட கூடு போல்ட்டை இழுத்ததும் தானாகத் துள்ளி விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல! கைமாறிய ரிம்ஃபயர் வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் சேம்பர் வாயில் விளக்கு அடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கோப். பெரிய ரைஃபிளுக்கான ஒன்றைக் கழற்றி இதில் மாட்டியிருந்தார்கள். அவை பெரும்பாலும் 100 கெஜத் தூரத்துக்குப் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரிவது) சரிசெய்யப்பட்டவை, ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் அதில் பாதித் தூரத்துக்கு. துப்பாக்கியை மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் நகர்ந்தால் அதுதான் சிக்கல். ஸ்கோப்பை மாற்றினேன், தீர்ந்தது. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் என்றால் 50-இல் அதில் பாதிதான். கணக்கை மறந்து பாதியில் நிறுத்திவிட்டு "ஸ்கோப் திரும்பவே மாட்டேங்குது" என்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

இனி தோட்டா. இதில்தான் ஒரு பயணம் மொத்தமாக வீணாயிற்று. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் பிடித்த தோட்டா ஒன்று இருக்கும், சுட்டுப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே நாலைந்து வகை வாங்கிக்கொண்டு வேறொரு ரேஞ்சுக்குப் போனேன். முன்கூட்டியே போனில் கேட்டபோது "உங்க தோட்டாவையே கொண்டு வாங்க" என்றார்கள். வாசலில் இருந்தவரோ பதிவேட்டிலிருந்து நிமிராமலேயே, "வெளித் தோட்டா அனுமதி இல்லை" என்றார். போனில் யார் சொன்னது என்று கேட்டார், பெயர் தெரியாது என்றேன், அத்தோடு பேச்சு முடிந்தது. அங்கே விற்றது ஒரே வகை, அதுவும் அதிவேகத் தோட்டா. எதைப் பரிசோதிப்பது? போனில் பேசுபவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிவேகம் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு அதிவேக வகையில் நொடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்பும். ஒலியின் வேகம் 340 சொச்சம். போகிற வழியில் குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். சாதா வேகத் தோட்டா 325 அளவில் கிளம்புவதால் அந்தத் தடுமாற்றமே இல்லை. போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் ஒலிவேகத்துக்குக் கீழேயே இருப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று: குண்டின் மேல் மெழுகோ எண்ணெயோ பூசியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். தோட்டாவை மாற்றியதும் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். குழலில் புதுப் பூச்சு படிய வேண்டும். இதற்கிடையில் "ஒவ்வொரு முறையும் குழலைத் தேய்த்துக் கழுவு" என்று அறிவுரை வேறு. ஈயக் குண்டுக்கு அது தேவையில்லை. கழுவினாலும் பின்பக்கமிருந்து கழுவுங்கள். முன்வாய் ஓரத்தில் கம்பி உரசினால் குறி போய்விடும்.

இவ்வளவு படுத்தியும் ஏன் விடவில்லை என்றால், உதைப்பு இல்லாத துப்பாக்கியில் சாக்குச் சொல்ல இடமில்லை. மூச்சும் விரலும் பிசகினால் தாளில் அப்படியே தெரியும். மதியம் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காது. இதில் போடுவது 1887-இல் வந்த லாங் ரைஃபிள் என்ற தோட்டாதான், இன்றும். கூட்டின் அகலமே குண்டின் அகலம் என்ற பழைய அமைப்பைச் சென்டர்ஃபயர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன, இது விடவில்லை. திரும்ப நிரப்பவும் முடியாது, கிடைப்பதில் நல்லதைப் பொறுக்க வேண்டியதுதான். பெரிய ரைஃபிள்காரர்கள் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து "சார், ஒரு அஞ்சு குண்டு சுட்டுப் பார்க்கட்டுமா?" என்பார்கள். சுட்டதும் முகத்தில் சிரிப்பு வரும். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக்கூடாது, குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும்.

கடைசியில் சாதா வேக வகை ஒன்று பொருந்தியது. ஐந்தும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதே பெட்டியை மறுபடி வாங்கப் போனால் அந்த லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) தீர்ந்துவிட்டதாம். லாட் எண் மாறினால் குறியும் மாறலாம். புது லாட்டில் ஒரே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு வாரம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.